கேள்விக்கும் விடைக்கும் நடுவே

இந்த ஆள் இப்போதைக்கு எழுந்திருக்கமாட்டார் என்று தவமணிக்குத் தோன்றிய அதே நேரத்தில் அவர் மறுபடியும் ரசம் கேட்டார். கேட்டதோடு விடாமல் சோற்றில் ஒரு குழி செய்து, குழியின் கரை உடைந்துவிடாதபடி விரல்களால் அணை கட்டி, வாளி வைத்திருந்தவரை நிமிர்ந்து பார்த்து, "அடியில இருந்து கலக்கி ஊத்துங்" என்றார். பெருந்துறைக் கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒருவர் நின்றார். நாற்காலி முதுகில் கை வைத்துவிட்டால் அடுத்த பந்தியில் அந்த இடம் அவருக்கு. எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை. தவமணி கை வைத்திருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரரின் நாற்காலியில். தேர்ந்தெடுத்ததில் தப்புச் செய்துவிட்டாள். ஒல்லியான ஆள், சீக்கிரம் முடித்துவிடுவார் என்று நினைத்திருந்தாள். ஒல்லியான ஆட்கள்தான் நிதானமாகச் சாப்பிடுவார்கள் என்பது இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன பயன், பக்கத்து நாற்காலிகள் எல்லாவற்றிலும் கைகள் விழுந்துவிட்டன. அவளுக்குப் பிறகு வந்த அரக்குப் பட்டுப் புடவைக்காரி பிடித்த நாற்காலியின் ஆள் மோருக்கு வந்துவிட்டார். பிறகு வந்தவளுக்கு முதலில் இடம். எல்லாவற்றிலும் இப்படித்தான். சட்டைக்காரரின் கழுத்தில் வியர்வை ஒரு கோடாக இறங்கி காலருக்குள் போனது. அவர் அப்பளத்தை உடைக்காமல் வைத்திருந்தார். இனிப்புக்கு வைத்த ஒப்புட்டு பாதி இருந்தது. கூட்டைத் தொடவே இல்லை. இலையில் இவ்வளவு பாக்கி வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ரசம் கேட்கலாமா.

கைப்பை தோளில் கனத்தது. பையில் போனும், மணமக்களுக்கான மொய்க்கவரும், ஒரு கைக்குட்டையும்தான் இருந்தன, இருந்தும் கனத்தது. போனுக்குள் அந்த மெயில் இருந்தது. நேற்றுக் காலை இட்லித்தட்டைக் குக்கருக்குள் இறக்கிவிட்டு ஆவி வருவதற்குள் பார்க்கலாம் என்று திறந்தாள். பிறகு இட்லி குழைந்துபோனதைப் பற்றிக் கணவர் அர்த்தநாரி ஏதோ சொன்னார், என்ன சொன்னார் என்று காதில் ஏறவில்லை. உங்கள் இணையதளத்தில் செல்லாத சொடுக்குகள் கண்டறியப்பட்டதால் உங்கள் விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. அனுப்பியது மனிதராக இருக்கமுடியாது. மனிதராக இருந்தால் அமுக்கியது என்றோ கிளிக் என்றோ எழுதியிருப்பார். சொடுக்கு என்று எந்த மனிதர் சொல்கிறார். செல்லாத சொடுக்கு. செல்லாத நோட்டு என்றால் புரிகிறது, கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பித் தருவார். சொடுக்கை எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. ஒரு சொடுக்கு விழுந்திருக்கிறது என்றால் ஒரு விரல் இருந்திருக்கிறது. விரலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்திருக்கிறார். அந்த ஆள் எப்படிச் செல்லாமல் போவார். மெயிலின் அடியில் நிரப்பி அனுப்பவேண்டிய ஒரு பாரம் இருந்தது. ஒரே ஒரு முறைதான் முறையிடலாம், ஒரு முறை மறுத்துவிட்டால் பிறகு எப்போதும் இல்லை. பாரத்தில் இரண்டு பெட்டிகள். இது எவ்வாறு நிகழ்ந்தது என்று கருதுகிறீர்கள்? இனி நிகழாமலிருக்க என்ன நடவடிக்கை எடுத்துள்ளீர்கள்? நேற்று முழுக்க முதல் பெட்டியில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதினாள், அழித்தாள். யாரோ என் மேல் பொறாமைப்பட்டு என்று எழுதினாள், மதுரைப் பக்கம் ஒருவன் அவளுடைய விடுகதைகளை அப்படியே எடுத்துத் தன் தளத்தில் போட்டுக்கொண்டிருந்தான், அவனாக இருக்குமோ என்று. அவனுக்கு இவள் மேல் என்ன பொறாமை வேண்டியிருக்கிறது, எல்லாவற்றையும்தான் எடுத்துக்கொண்டுவிட்டானே என்று அதையும் அழித்தாள். தன் தொழில் ஏன் செத்தது என்று தானே விடுகதை போட்டுத் தானே விடை சொல்ல வேண்டுமாம். பதினோரு வருசம் ஊருக்கெல்லாம் விடை சொன்னவளுக்கு இது ஒரு தண்டனை.

தளத்தின் பெயரே 'விடை என்ன' என்பதுதான். மகள் சின்னவளாக இருந்தபோது தலை வாரிவிட உட்காரவைத்தால் ஒரு நிமிசம் தலையை நிறுத்தமாட்டாள். கழுத்தைத் திருகினால் அழுவான், மறுபடி திருகினால் வாயை மூடிக்கொள்வான், யார்? என்று ஒரு நாள் தவமணி கேட்டாள், வாயில் வந்ததைக் கேட்டாள். குழந்தை அசையாமல் உட்கார்ந்தாள். ஜடை முடிந்து ரிப்பன் கட்டும்வரை அசையவில்லை. குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதைக் கண்ணால் காட்டிய பிறகுதான் கத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்றைக்குத்தான் தவமணிக்கு அந்த இடைவெளி பிடிபட்டது. கேள்விக்கும் விடைக்கும் நடுவில் ஒரு குழந்தை அப்படியே நிற்கும், மூச்சைக்கூட மெதுவாக விடும். தளத்தை ஆரம்பித்தபோது அதற்காகத்தான் கேள்வியை மேலேயும் விடையை வெகு கீழேயும் வைத்து நடுவில் வெள்ளையாக விட்டாள். யோசிக்கட்டும். பிறகு அந்த வெள்ளையில் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. தப்பென்று தோன்றவில்லை, காலியாகக் கிடக்கிற இடம்தானே. முதலில் ஒன்று, ஒரு நோட்டுப்புத்தக விளம்பரம். யாராவது அதை அமுக்கினால் இவளுக்குக் காசு. முதல் பணம் வந்தபோது கிரைண்டர் வாங்கினாள், அர்த்தநாரி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "விடுகதை அரைச்ச மாவு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஓர் அமுக்கலுக்கு ஒரு டம்ளர் டீ வரும். அப்புறம் அரை டம்ளர் ஆயிற்று. இப்போது வருவது டம்ளரைக் கழுவின தண்ணீர். யாரிடம் போய்க் கேட்பது. பால்காரர் விலை குறைத்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இவர்களுக்கு வாசல் எங்கே இருக்கிறது.

சட்டைக்காரர் கூட்டுக்கு வந்திருந்தார். ஒரு பருப்பை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கடவுளே. விலை குறைந்ததைக்கூடத் தாங்கியிருப்பாள், வருகிறவர்களே நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போதெல்லாம் யாராவது போனில் ஒரு விடுகதையைத் தேடினால் தேடின பக்கத்தின் தலையிலேயே விடை வந்து நிற்கிறது. அவள் எழுதிய விடை, அவள் வைத்த சொல் மாறாமல். பார்க்கிறவர் அவள் தளத்தின் படியை மிதிக்காமலே விடையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கடைக்காரி உள்ளே உட்கார்ந்திருக்க, அவள் சரக்கை எவனோ தெருமுனையில் நின்று சும்மா கொடுக்கிற மாதிரி. அது நடக்க நடக்க இவள் உள்ளே என்ன செய்தாள்? நினைத்தால் முகம் சுடுகிறது. ஒரு விளம்பரம் இருந்த இடத்தில் மூன்று வைத்தாள். மூன்று போதாமல் ஐந்து. விடையை இன்னும் கீழே, இன்னும் கீழே தள்ளினாள். யோசிப்பதற்கென்று விட்ட இடத்தில் யோசிக்க இடம் இல்லாமல் போயிற்று. திருவண்ணாமலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார்: என் பையன் விடையைத் தேடிப்போய் ரம்மி விளையாட்டுக்குள் போய்விட்டான், உங்களுக்குக் குழந்தைகள் இல்லையா. அன்றைக்குத் தவமணி சாப்பிடவில்லை. ரம்மி விளம்பரம், கடன் விளம்பரம் எல்லாவற்றையும் வராதபடி தடுத்தாள். வரவு பாதிக்குமேல் விழுந்தது. நல்லது செய்தால் விழுகிறது, கெட்டது செய்தாலும் கொஞ்ச நாளில் விழுகிறது, சும்மா இருந்தாலும் விழுகிறது. அப்புறம்தான், இதுதான் வயிற்றெரிச்சல், மூன்று வாரத்துக்கு முன்னால் வரவு திடீரென்று ஏற ஆரம்பித்தது. வரைபடத்தில் கோடு தலை தூக்கியது. எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் காங்கேயம், சென்னிமலை, ஈரோடு, வெள்ளகோவில். எல்லாம் நம் பக்கம். எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, ஏதோ ஒரு டீச்சர் வகுப்பில் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு அம்மா போனை வாங்கிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். வெள்ளகோவிலில் முன்பல் விழுந்த ஒரு பெண்குழந்தை, பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு. அந்தக் குழந்தையைத் தவமணி தினமும் ராத்திரி பார்த்தாள். அதற்காகவே புது விடுகதைகள் எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கண் பட்டுவிடும் என்று. மூன்று வாரம் சந்தோசமாக இருந்தாள், அதற்குத்தான் இந்த மெயில்.

"இன்னும் சாப்படலயா தவமணி?" என்று பின்னால் குரல் கேட்டது. கணவனின் அண்ணன் ரங்கசாமி, கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்தபடி நின்றார். சென்னிமலையில் பெட்ஷீட் கடை வைத்திருப்பவர். இடம் கிடைக்கவில்லை என்று அவள் சொன்னதும் சிரித்தார். "கம்ப்யூட்டர்ல உலகத்துக்கே பதில் சொல்றவளுக்கு ஒரு சேர் புடிக்கத் தெரியல பாரு. செரி, நாஞ் சொன்னது என்னாச்சு? ஆவணி பொறந்தா வந்துரு. கல்லாவுல நம்ம ஆளு ஒருத்தரு உக்காந்தாத் தேவல. தலைக்கு மேல ஃபேன் ஓடுது. எந்திரிக்க வேண்டிய வேலையே இல்ல." பார்க்கலாமுங் மாமா, என்றாள். "என்னத்தப் பாக்கறது, ரெண்டு வருசமாப் பாத்துட்டேதான இருக்கற. இன்னிக்குப் போறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிப்போடு. இல்லீன்னா வேற ஆளு வெச்சுக்குவேன்." அவர் கெட்டவரில்லை. அதுதான் இன்னும் எரிச்சல், கெட்டவராக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். அந்தக் கடை அவளுக்குத் தெரியும். கஞ்சி போட்ட துணியின் வாசனை மூக்கில் ஏறி நெஞ்சில் உட்காரும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, அதில் வருகிறவர் முதுகும் போகிறவர் முதுகும் தெரியும். டபுள் பெட்டா சிங்கிள் பெட்டா, சாயம் போகுமா போகாதா. கேட்டவுடனே விடை. நடுவில் ஒன்றுமில்லை. பாரத்துக்கு மறுப்பு வந்துவிட்டால் அந்த நாற்காலிதான். அந்த நாற்காலிக்குப் பின்னால் யாரும் காத்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

சட்டைக்காரர் தயிர் கேட்டார். தயிர் வாளி எங்கோ கடைசி வரிசையில் இருந்தது. தூரத்தில் அர்த்தநாரி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பொரியல் பரிமாறிக்கொண்டிருந்தார், கல்யாணப் பெண் அவருடைய சித்தப்பா பேத்தி, அதனால் விடிந்ததிலிருந்து மண்டபத்தில்தான் இருக்கிறார். எவ்வளவு சந்தோசமாகப் பரிமாறுகிறார். வேண்டாம் என்று கை நீட்டி மறைக்கிறவர்களின் விரல் இடுக்கில்கூட வைத்துவிட்டுப் போகிறார். அவரிடமும் மெயிலைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். எங்கூட்டுல ஒரு கடை இருக்குதுங், சரக்கும் இல்ல, தராசும் இல்ல, கடைக்காரி மட்டும் இருக்கறா என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறவர். கூட்டுறவுச் சங்கத்தில் நூல் கட்டுகளை எண்ணி எண்ணி, எண்ண முடிகிற பொருளைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர். ஒரே ஒரு முறைதான் அவராக வந்து கேட்டார். போன மாசம், இறங்கிப்போன வரைபடத்தைப் பார்த்தபடி அவள் மேசையில் உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்றார். "இதுல எப்படித்தான் காசு வருது, எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு பாக்கலாம்" என்றார். சொன்னாள். இதோ இந்த விளம்பரத்த யாராச்சும் அமுக்கினா காசுங். "அமுக்கினாலே போதுமா? வாங்க வேண்டாமா?" வேண்டாமுங். "எத்தன பேரு அமுக்கினாலும் வருமா?" ஆமாங், ஆனா என்று அவள் ஆரம்பிக்க, வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். சில்லறை தேடி, பழைய சிலிண்டரை உருட்டி, புதியதில் கசிவு பார்த்து அவள் திரும்பி வந்தபோது அர்த்தநாரி மேசையருகில் இல்லை. புரிந்துகொள்ள வந்த மனிதர் அவ்வளவுதான் என்று போய்விட்டார் என்று அன்றைக்கு அதற்கும் ஒரு கோபம் வந்தது.

தயிர் வந்தது, மோர் வந்தது, வாழைப்பழமும் உரிக்கப்பட்டது. அரக்குப் பட்டுக்காரி சாப்பிட்டு முடித்து வெற்றிலைக்கே போயிருப்பாள். கடைசியில் சட்டைக்காரர் இலையைத் தன் பக்கமாக மடித்து எழுந்தார். திரும்பியவர் தவமணியைப் பார்த்து, "ரொம்ப நேரமா நிக்கறீங்களோ. உக்காருங்க. ரசத்த உட்டறாதீங்க" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் விடமாட்டேன் என்கிறார். மேசைத்தாளைச் சுருட்டிப் புதுத்தாள் விரித்தார்கள். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்து வழித்தாள். பக்கத்து நாற்காலியில் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தது பாவாயி அத்தை. அர்த்தநாரியின் அப்பாவோடு பிறந்தவர், காங்கேயத்தில் இருக்கிறார், போன வருசம் மகன் போன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு திரிகிறவர். இப்போதும் இலைக்குப் பக்கத்தில், தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, அதைப் படுக்கவைத்தார். ஒப்புட்டு வந்தது, பொரியல், கூட்டு, பச்சடி, வடை வரிசையாக வந்தன. பசி என்று ஒன்று இருந்தது நினைவுக்கு வந்து தவமணி சோற்றைப் பிசைந்தாள். முதல் வாய் வாய்க்குள் போனபோது அத்தை, "ஏங் கண்ணு, உன்றதுக்கு என்னாச்சு? நேத்துல இருந்து ஒண்ணயுங் காணோம்" என்றார்.

எதைக் காணோமுங் அத்தை, என்று சோற்றோடு கேட்டாள். "அதான், உன்ற விடுகத. நேத்து சீரியல் முடிஞ்சு தெறந்தா அமுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. கேள்வி இருக்குது, அதுக்குக் கீழ வெள்ள வெளேர்னு கெடக்குது. என்ற போன்லதான் கோளாறாக்கும்னு நெனச்சு வெள்ளகோயிலு கமலத்தக் கேட்டா, அவளுக்கும் அப்படித்தானாமா." தவமணியின் விரல்கள் சோற்றுக்குள்ளேயே நின்றன. நீங்க அமுக்குவீங்களா அத்தை. "என்ன இப்படிக் கேக்கற. தெனமும். ஒரு நாளு உட்டதில்ல. அர்த்தநாரி பத்துத் தடவைன்னான், எனக்குக் கண்ணு பூத்துப்போகுது, அஞ்சோட நிறுத்திக்குவேன். கோவிச்சுக்காத." சொல்லிவிட்டு அத்தை இடதுகை விரலால் போனைத் திறந்து இலைக்கு மேலாக நீட்டினார். ஒரு வாட்ஸ்அப் குரூப். பெயர், தவமணிக்குக் கை குடுப்போம். மேலே வீட்டுக் கிரைண்டரின் படம். தினமும் ராத்திரி அர்த்தநாரி அதில் எழுதியிருந்தார், சங்கத்து நோட்டீஸ் பலகையில் எழுதுகிற மாதிரி: எல்லாரும் இன்னிக்கு அமுக்கியாச்சா? தவமணிக்குத் தெரிய வேண்டாம், வருத்தப்படுவாள். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் ஆபீசு கம்ப்யூட்டர்லயும் அமுக்கிட்டேன் மாமா. எங்க வீட்ல நாலு போன்லயும் ஆச்சுங் அண்ணா. ஈரோட்டிலிருந்து, சென்னிமலையிலிருந்து, காங்கேயத்திலிருந்து. வெள்ளகோவில் கமலம் தினமும் ஒரு ரோஜாப்பூவும் சேர்த்துப் போட்டிருந்தாள். வெள்ளகோவில். பாயில் குப்புறப் படுத்திருந்த அந்தக் குழந்தை எழுந்து, முன்பல் முளைத்து, அறுபது வயதாகி, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கமலமாக உட்கார்ந்தது. அந்த மூன்று வாரமும் ஒரு பிள்ளைகூட வரவில்லை. இவர்கள்தான். சீரியல் முடிந்து, கதவைத் தாழ்போட்டு, கண் பூத்துப்போக, ஒருத்தருக்கொருத்தர் ஞாபகப்படுத்திக்கொண்டு, அவள் வீட்டுக் கூரையை ஆளுக்கொரு ஓடாக எடுத்திருக்கிறார்கள். கேள்வியை யாராவது படித்தார்களா? யாரும் படித்திருக்கமாட்டார்கள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வாயில் சோறு இருந்தது. அதை முழுங்கியாக வேண்டும், பக்கத்தில் அத்தை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நன்றியை எதிர்பார்த்து.

பாயச வாளியோடு அர்த்தநாரி வந்தார். முதலில் இலையைப் பார்த்தார், பிறகு அத்தையின் போனைப் பார்த்தார். "காட்ட வேண்டாம்னு சொன்னேனே அத்த." அத்தை, அவளாகத்தான் கேட்டாள் என்றார். அர்த்தநாரி கரண்டியை வாளிக்குள் விட்டுக் கலக்கினார், தேவையில்லாமல் கலக்கினார். தவமணி அவருடைய முகத்தை இவ்வளவு கிட்டத்தில் இப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு எதிரில் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"கொஞ்சம் ஏறியிருக்குமே?" என்றார் தணிந்த குரலில்.

"ஏறுச்சுங்."

"பாத்தியா."

"நேத்து மூடிட்டாங்க."

"என்னத்த?"

"கணக்க. நம்ம ஆளுங்களே அமுக்கக் கூடாது. அமுக்கினா ஏமாத்து வேலைன்னு கண்டுபுடிச்சு மூடிருவாங்க."

கரண்டியிலிருந்து பாயசம் இலையின் ஓரத்தில் சொட்டி, ஒரு முந்திரியோடு மெதுவாகப் பொரியலை நோக்கி நகர்ந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நீ சொல்லவே இல்லையே" என்றார்.

"சொல்ல வந்தேன். சிலிண்டர் வந்துருச்சு."

அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வருவதை அவள் பார்த்தாள். வரிசையில் யாரோ, "ஏனுங், பாயசம் அங்கயே நின்னுபோச்சுங்களா" என்றார். அர்த்தநாரி நகரவில்லை. இப்ப என்ன பண்றது, என்று கேட்டார். ஒரு தடவை எழுதிக் கேட்கலாம், எப்படி நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள் என்றாள். "நான்தான்னு எழுது. என்ற பேரப் போட்டு, இவன் தெரியாமப் பண்ணிப்போட்டான்னு எழுது." பேரு போடறதுக்கெல்லாம் அதுல எடம் இல்லீங், என்றாள். அவளுக்கே தன் குரல் கடுமையாகக் கேட்டது. அவர் ஒரு கரண்டி பாயசத்தை இலையில் ஊற்றினார், இன்னொரு கரண்டி ஊற்றினார், அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அமுக்க எதுவும் இல்லாததால் பாவாயி அத்தை கேள்வியைப் பார்த்தார். மூன்று வாரமாகத் தினமும் திறந்தும் முதல் தடவையாகப் பார்த்தார். எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார். "பச்சைப் பாயில் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். பாயை மடித்தபோது ஒருவரும் இல்லை. அது என்ன?" கல்யாண மாசம் என்று தவமணி போன வாரம் எழுதியது, வெள்ளகோவில் குழந்தைக்காக எழுதியது. "நாத்து நட்ட வயலா?" என்றார் அத்தை. வயலை எப்படி மடிப்பாய் என்று எதிர்வரிசையில் ஒருத்தி கேட்டாள். அத்தை வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். தவமணிக்குத் தன் மூச்சு மெதுவானது தெரிந்தது. ஒரு கணம், அத்தையின் தாடை அசையாமல் நின்றது. அவ்வளவுதான். விரல் போனைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. "இதென்ன போயிட்டே இருக்குது. வெள்ள, வெள்ள, வெள்ள. இன்னும் வெள்ள." ஐந்து விளம்பரங்கள் இருந்த நீளம். "ஆ, இலையாமா. சாப்பாட்டு இல." குனிந்து தன் இலையைப் பார்த்தார், அதில் இருந்ததையெல்லாம் பார்த்தார். "அட, இதுக்கா இத்தன தூரம் நடக்கவுட்ட?"

இதற்குத்தான் என்று சொல்ல வந்தது. தவமணி இடதுகையால் பைக்குள்ளிருந்து போனை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு பாரத்தைத் திறந்தாள். முதல் பெட்டியில், அமுக்கியவர்கள் என் வீட்டார், உதவுவதாக நினைத்து அமுக்கினார்கள் என்று ஒரே விரலால் எழுதினாள். இதை அழிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. படிக்கப்போவது இயந்திரம், உதவி என்ற சொல்லை அது எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்குமோ. இரண்டாவது பெட்டி வந்தது. என்ன நடவடிக்கை எடுத்துள்ளீர்கள்? இந்தக் கூடத்தில் இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை வீடுகள், வீட்டுக்கு எத்தனை போன்கள், என்ன நடவடிக்கை எடுப்பது என்று நிமிர்ந்தவள் வரிசையின் கோடியில் அர்த்தநாரியைப் பார்த்தாள். அவர் ஒவ்வோர் இலையாக நின்றுகொண்டிருந்தார். ஒரு கரண்டி ஊற்றுவார், குனிவார், காதில் ஏதோ சொல்வார், அடுத்த இலைக்கு நகர்வார். சொல்லப்பட்டவர் கையை வாயருகில் நிறுத்தி, திரும்பித் தவமணியைத் தேடிப் பார்த்தார். அடுத்தவரும் பார்த்தார். ஒருத்தி தன் போனையே இலையிலிருந்து தள்ளி வைத்தாள். வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனார், அங்கே கமலம் இருந்தாள், அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து ஒளித்துவைத்தது இப்போது பாயசத்தோடு மண்டபம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது. வாசல் பக்கம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ரங்கசாமி மாமாவின் காதிலும் அர்த்தநாரி குனிந்தார். மாமா நிமிர்ந்து இவளைப் பார்த்தார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அப்ப ஆவணிக்கு வந்துருவதானே என்று கேட்கிற மாதிரி. தவமணி பார்வையைத் தாழ்த்தி இரண்டாவது பெட்டியில் எழுதினாள். ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லப்பட்டு வருகிறது. அனுப்பு என்பதை அமுக்கினாள். போனைப் பைக்குள் போட்டாள். சோறு ஆறிப்போயிருந்தது, பாயசம் பொரியல்வரைக்கும் வந்திருந்தது, கூட்டை இன்னும் தொடவில்லை. நாற்காலி முதுகில் ஒரு கை வந்து விழுந்ததை உணர்ந்தாள். வளையல் சத்தம். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அந்தப் பெண் குனிந்து, "எந்திரிக்கறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லீங்" என்றாள் தவமணி, சோற்றில் ஒரு குழி செய்தபடி. "எனக்கு இன்னும் ரசமே வரல."